தரையா, மேட்டுப் பாத்தியா, தொட்டியா, சத்துநீரா: வீட்டுக் காய்கறித் தோட்டத்துக்கான நான்கு வழிகள்

வீட்டிலேயே காய்கறி வளர்க்க வேண்டும் என்று முடிவெடுத்தவர் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் எந்த முறையில் விளைச்சல் அதிகம் என்பதாகவே இருக்கிறது. தரையில் பாத்தி கட்டி விதைப்பது, சட்டம் அடித்து மண் நிரப்பிய மேட்டுப் பாத்தியில் நடுவது, தொட்டிகளிலும் பைகளிலும் வளர்ப்பது, மண்ணே இல்லாமல் சத்துநீரில் வேர்விடச் செய்யும் ஹைட்ரோபோனிக்ஸ் ஆகிய நான்குக்கும் உறுதியான ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் காட்டும் படங்கள் எல்லாவற்றிலும் காய் குலுங்கவே செய்கிறது. நல்ல வெயிலும் தவறாத கவனிப்பும் இருந்தால் நான்கிலுமே காய்க்கும் என்பதால், விளைச்சலைக் கொண்டு இவற்றைத் தரம் பிரிப்பதில் பெரிய பயன் இல்லை. கவனிப்பு தவறிய நாளில் எது தாங்குகிறது, தோட்டத்தை எழுப்புவதற்கு எவ்வளவு பொருளை வாங்கிக் குவிக்க வேண்டியிருக்கிறது என்னும் இரண்டு கேள்விகளே இவற்றுக்கு இடையிலான வேறுபாட்டைக் காட்டுகின்றன. இரண்டுக்குமான விடை, வேர் படர்வதற்குக் கிடைக்கும் மண்ணின் அளவில் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து. ஆகவே நான்கு வழிகளையும் இங்கே அந்த அளவுகோலைக் கொண்டே ஒப்பிடுகிறேன்.

வெயிலைப் பற்றிய பேச்சை முதலிலேயே முடித்துவிடலாம், ஏனெனில் எந்த முறையும் அதன் குறையை ஈடுசெய்யாது. தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை போன்ற காய்க்கும் செடிகளுக்கு நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். கீரை வகைகள் 3 அல்லது 4 மணி நேர வெயிலிலும் ஓரளவு தழைக்கும். மரநிழலில் கிடக்கும் நல்ல மண்ணைவிட வெயில் விழும் இடத்தில் வைத்த சுமாரான தொட்டி மேலானது. இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் நிழல் எங்கே விழுகிறது என்று இரண்டு நாள் குறித்து வைத்தால் பாதி முடிவு தானாகவே அமைந்துவிடும்.

அடுத்தது தண்ணீர். மண்ணின் அளவு ஏன் முக்கியம் என்பது இங்கேதான் கணக்காகத் தெரிகிறது. மணலும் வண்டலும் களியும் அளவாகக் கலந்த மண், தன் கன அளவில் ஏறத்தாழ 15 விழுக்காட்டை வேர் உறிஞ்சக்கூடிய நீராகப் பிடித்து வைக்கும். ஒரு சதுர மீட்டர் தரையில் வேர் 60 செ.மீ. ஆழம் வரை இறங்கினால் அது 600 லிட்டர் மண், அதில் 90 லிட்டர் நீர். வெப்பமான நாளில் அந்தச் சதுர மீட்டரிலிருந்து செடிகள் வழியாகவும் மண்ணின் மேற்பரப்பு வழியாகவும் சுமார் 5 லிட்டர் வெளியேறும் என்று கொண்டால், அந்த இருப்பில் பாதி தீர்வதற்கே ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். தரை மண்ணைவிடச் சற்று அதிக நீரைப் பிடிக்கும் தொட்டிக் கலவையை நிரப்பியிருந்தாலும், 20 லிட்டர் பையில் நிற்கும் தக்காளிச் செடிக்கு எட்டுகிற நீர் ஏறத்தாழ 5 லிட்டர்தான்; வளர்ந்து நிற்கும் செடி கடும் வெயிலில் நாளுக்கு 2 லிட்டர் வரை இழுக்கும் என்பதால் இரண்டு மூன்று நாளில் அது வாடத் தொடங்கும். அதே செடியை 10 லிட்டர் தொட்டியில் வைத்தால் ஒரு நாள் மறதிக்கே தலைசாய்த்துவிடும். குழாய்களுக்குள் சத்துநீர் மெல்லிய படலமாக ஓடும் ஹைட்ரோபோனிக்ஸ் அமைப்பில் மின்சாரம் போய் மோட்டார் நின்றால், வெயில் நாளில் சில மணி நேரத்திலேயே வேர் காய்ந்துவிடும்.

நீருக்குப் பொருந்தும் இந்தக் கணக்கு சத்துக்கும் வெப்பத்துக்கும் பொருந்துகிறது. உரத்தைச் சற்று மிகுதியாக இட்டுவிட்டால் தரை அதை உள்வாங்கிக்கொள்ளும்; சிறு தொட்டியில் அது உப்பாகத் தங்கி, மண்ணின் மேலும் தொட்டியின் விளிம்பிலும் வெள்ளைப் பூச்சாகப் படிந்து, இலை நுனிகளைக் கருக்கும். தரையின் வெப்பநிலை மெதுவாக மாறும். கருநிறப் பையின் வெயில் படும் பக்கம் வேரை வாட்டும் அளவுக்குச் சூடேறும். அதிக மண் என்பது தோட்டக்காரரின் தவறுகளுக்கு அதிக மன்னிப்பு என்றே பொருள்படுகிறது, அந்த மன்னிப்பு யாரையும்விடப் புதியவருக்குத்தான் தேவைப்படுகிறது. ஆனால் புதியவர்கள் பெரும்பாலும் மிகச் சிறிய தொட்டிகளிலிருந்தே தொடங்கி, செடி செத்ததும் தமக்குக் கைராசி இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

தரைப் பாத்தியை ஒதுக்குவதற்கு முன் இரண்டு எளிய சோதனைகளைச் செய்து பார்ப்பது நல்லது. முதலாவது, 30 செ.மீ. ஆழத்துக்குக் குழி தோண்டி நீர் நிரப்பி, அது முழுவதும் வடிந்த பிறகு மறுபடி நிரப்பி, இரண்டாம் முறை மணிக்கு எவ்வளவு வடிகிறது என்று அளப்பது. மணிக்கு 2 செ.மீ.க்கு மேல் இறங்கினால் பெரும்பாலான காய்கறிகளுக்கு அந்த நிலம் போதும், ஒரு செ.மீ. கூட இறங்காத இடத்தில் மழைக்காலத்தில் வேர் அழுகும். இரண்டாவது, ஒரு கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணிட்டு, நீர் ஊற்றிக் குலுக்கி வைப்பது. மணல் ஒரு நிமிடத்துக்குள்ளும், வண்டல் சில மணி நேரத்திலும், களி ஒரு நாளோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டும் அடுக்கடுக்காகப் படியும். முக்கால் பங்கு மணல் என்றாலும் முக்கால் பங்கு களி என்றாலும் மருந்து ஒன்றுதான்: ஆண்டுக்கு ஒருமுறை 2 அல்லது 3 செ.மீ. கனத்துக்கு மட்கு உரத்தைப் பரப்பி, காய்ந்த இலைகளால் மூடாக்கு இடுவது. ஒரே ஆண்டில் மண் மாறிவிடாது. மூன்றாவது ஆண்டில் மண்வெட்டி இறங்கும் விதத்திலேயே மாற்றத்தை உணரலாம்.

தரைக்கு உண்மையான தடைகளும் உண்டு. பழைய கட்டடத்தின் சுவரையொட்டிய மண்ணில், உதிர்ந்த வண்ணப்பூச்சிலிருந்து ஈயம் கலந்திருக்கலாம். முன்பு பட்டறையோ தொழிற்சாலையோ இயங்கிய மனையில் வேறு கன உலோகங்களும் இருக்கலாம். கீரைகளில் ஒட்டும் மண்துகளும் கிழங்குகளின் தோலும் அவற்றை உணவுக்குள் கொண்டுவரும் முக்கிய வழிகள் என்பதால், அத்தகைய சந்தேகம் இருந்தால் ஆய்வகத்தில் மண்ணைச் சோதிக்காமல் அங்கே விதைக்கக் கூடாது. வேர் முடிச்சு நூற்புழுவும் வாடல் நோயும் மண்ணிலேயே ஆண்டுக்கணக்கில் தங்கியிருப்பவை; தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகிய நான்கும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால், அவற்றில் ஒன்றை எடுத்த இடத்தில் அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு மற்றொன்றை நடாமல் இருப்பது நல்லது. குனிந்து நிமிர முடியாதவருக்குத் தரைப் பாத்தி சரிப்படாது என்பதும் ஒதுக்கிவிடக்கூடிய காரணமன்று.

இத்தடைகளில் பலவற்றுக்கு மேட்டுப் பாத்தி நேரான தீர்வாக அமைகிறது. 20 முதல் 30 செ.மீ. உயரத்துக்கு மண் ஏறினால் மழைநீர் தேங்காது, பாத்திக்குள் யாரும் மிதிக்காததால் மண் இறுகாது, குளிர்ப் பகுதிகளில் மண் விரைவாகச் சூடேறுவதால் விதைப்பையும் முன்கூட்டியே தொடங்கலாம். அடிப்பகுதி திறந்திருக்கும் வரை வேர் கீழேயுள்ள தரைக்கும் இறங்கும் என்பதால் மண் அளவிலும் இது தரைக்கு ஏறக்குறைய இணையாகவே நிற்கிறது. இரு பக்கமிருந்தும் கை எட்ட வேண்டுமானால் அகலம் 1.2 மீட்டரைத் தாண்டக் கூடாது. சுவரை ஒட்டி அமைந்தால் 60 செ.மீ. போதும். உள்ளே நிரப்பிய மட்கு சிதைந்துகொண்டே வருவதால் ஆண்டுதோறும் பாத்தியின் மட்டம் சில செ.மீ. இறங்கும், அதை மேலே நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். சட்டத்துக்குப் பழைய மரத்தைப் பயன்படுத்துபவர்கள், அது குரோமியம், செம்பு, ஆர்செனிக் சேர்த்துப் பதப்படுத்தியதா என்று தெரியாத நிலையில் அதைத் தவிர்த்துவிட வேண்டும்.

பசுமை வாழ்வு என்னும் நோக்கத்தோடு தோட்டம் தொடங்குபவர்கள் மேட்டுப் பாத்தியைப் பொறுத்தவரை அறிந்துகொள்ள வேண்டிய ஆய்வு ஒன்று 2024 ஜனவரியில் 'நேச்சர் சிட்டீஸ்' ஆய்விதழில் வெளியானது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் தலைமையில், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள 73 நகர்ப்புற விளைநிலங்களையும் தோட்டங்களையும் கணக்கெடுத்த அந்த ஆய்வு, ஒரு வேளைக்கு உண்ணும் பங்கு காய்கனிக்கு நகர்ப்புறத்தில் சராசரியாக 420 கிராம் கரியமில வாயுவுக்கு நிகரான உமிழ்வும், வழக்கமான வேளாண்மையில் சுமார் 70 கிராமும் ஏற்படுவதாகக் காட்டியது. தோட்டக்காரர்களுக்கு இது கசப்பான செய்திதான். ஆனால் அந்த உமிழ்வில் பெரும்பங்கு செடியிலிருந்தோ உரத்திலிருந்தோ வரவில்லை. பாத்திச் சட்டம், கொட்டகை, நடைபாதை போன்ற கட்டுமானப் பொருள்களிலிருந்தே வந்தது. ஐந்தாண்டில் கழித்துவிடும் மேட்டுப் பாத்தி, இருபதாண்டு உழைக்கும் பாத்தியைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு சுமையை ஒவ்வொரு பங்கு உணவின் மீதும் ஏற்றுகிறது என்று ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். ஆகவே, எதை வாங்குவது என்பதோடு அதை எத்தனை ஆண்டு வைத்திருக்கப் போகிறோம் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது. சட்டமே இல்லாமல் மண்ணை மட்டும் குவித்து உயர்த்திய பாத்தி, தோற்றத்தில் எளிமையாக இருந்தாலும் இந்தக் கணக்கில் முந்திவிடுகிறது.

தரையே இல்லாதவர்களுக்குத் தொட்டிதான் வழி. அவர்களுள் மாடியை நம்புபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பாரம். ஈரம் ஏறிய சாதாரண மண் ஒரு கன மீட்டருக்கு 1.6 முதல் 2 டன் வரை எடையுள்ளது. அதை 30 செ.மீ. ஆழத்துக்குப் பரப்பினால் சதுர மீட்டருக்கு 500 கிலோ ஆகிவிடும். வீட்டுத் தளங்கள் பல நாடுகளின் கட்டட விதிகளின்படி சதுர மீட்டருக்குச் சுமார் 150 முதல் 200 கிலோ வரையிலான பயன்பாட்டுச் சுமையைத் தாங்குமாறே வடிவமைக்கப்படுகின்றன. எனவே தளம் முழுவதும் மண் பரப்புவதோ மொத்தமாக மேட்டுப் பாத்தி கட்டுவதோ, கட்டடப் பொறியாளரின் கருத்தைக் கேட்காமல் செய்யக்கூடிய வேலையன்று. தேங்காய் நார்த்தூளும் மட்கும் கலந்த இலகுவான கலவை 20 லிட்டர் பையில் நனைந்த பிறகும் 20 கிலோவுக்குள் அடங்கும்; அத்தகைய பைகளை இடைவெளி விட்டு, சுவர்களுக்கும் உத்தரங்களுக்கும் மேலாக அமையும் ஓரங்களில் வரிசையாக வைத்தால் பாரம் பகிர்ந்து இறங்கும். நார்த்தூளில் உப்பு மிகுந்திருக்கக்கூடும் என்பதால், வாங்கியதும் இரண்டு மூன்று முறை அலசிப் பயன்படுத்துவது அவசியம்.

தொட்டியின் அளவில் சிக்கனம் பார்ப்பது, நான் பார்த்தவரையில், எல்லாத் தவறுகளிலும் விலை மிகுந்தது. கீரைக்கு 15 செ.மீ. ஆழம் போதும், முள்ளங்கிக்கு 20 செ.மீ. வேண்டும், தக்காளிக்கும் கத்தரிக்கும் 30 செ.மீ. ஆழமும் செடிக்கு 20 லிட்டருமாவது வேண்டும். ஆழம் குறைந்த தொட்டிக்கு இன்னொரு குறையும் இருக்கிறது. எத்தனை துளை இட்டாலும் தொட்டியின் அடியில் ஒரு பட்டை அளவுக்கு நீர் வடியாமல் தங்கும். மண்துகள்களுக்கு இடையிலான நுண்ணிடைவெளிகள் அதைப் பிடித்து வைக்கின்றன. அந்தப் பட்டையின் உயரம் கலவையின் தன்மையைப் பொறுத்ததே தவிரத் தொட்டியின் உயரத்தைப் பொறுத்ததன்று. ஆகவே ஆழமற்ற தொட்டியில் வேருக்குக் கிடைக்கும் இடத்தில் பெரும்பகுதி சேறாகவே இருக்கும். அடியில் கூழாங்கல் போட்டால் நீர் நன்றாக வடியும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் நுண்ணிய கலவையிலிருந்து பெரிய கற்களுக்குள் நீர் எளிதில் இறங்குவதில்லை என்பதால், கல் அடுக்கு அந்த ஈரப்பட்டையை அப்படியே மேலே தூக்கி வேருக்கு அருகில் கொண்டுவருகிறது. கல்லுக்குப் பதில் அந்த இடத்தையும் கலவையால் நிரப்பிவிடுவதே சரி.

இவ்வளவு குறை சொன்ன பிறகு தொட்டியின் சிறப்புகளையும் சொல்லியாக வேண்டும். வெயில் நகரும் திசையில் அதை நகர்த்தலாம். வாடகை வீட்டிலிருந்து எடுத்துச் செல்லலாம். ஒரு பையில் வாடல் நோய் வந்தால் அந்த ஒரு பையை மட்டும் அகற்றிவிடலாம். அடுக்களையிலிருந்து இரண்டடி தூரத்தில் கீரை கிள்ளலாம். கடைசியாகச் சொன்னது அற்பமான வசதி போலத் தெரிந்தாலும், கண்ணில் படும் செடிக்கே தண்ணீர் கிடைக்கிறது என்பதால் அதன் பயன் பெரிது.

ஹைட்ரோபோனிக்ஸ் புதிய கண்டுபிடிப்பு என்று பலர் எண்ணுகிறார்கள். தாவரங்களைச் சத்துநீரில் வளர்க்க முடியும் என்பதை ஜெர்மானிய அறிவியலாளர்கள் யூலியஸ் சாக்ஸும் வில்ஹெல்ம் நாப்பும் 1860-களிலேயே காட்டிவிட்டார்கள். அதைப் பயிர்த்தொழிலாக மாற்ற முயன்ற கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டபிள்யூ. எஃப். கெரிக்கி, 1937-இல் ஹைட்ரோபோனிக்ஸ் என்னும் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அவர் வளர்த்த ஆளுயரத்தைத் தாண்டிய தக்காளிக் கொடிகளால் எழுந்த பரபரப்பைத் தொடர்ந்து, அதே பல்கலைக்கழகத்தின் டெனிஸ் ஹோக்லாண்டும் டேனியல் ஆர்னனும் முறையாக ஆராய்ந்து 1938-இல் வெளியிட்ட முடிவு இன்றும் பொருந்துகிறது: நல்ல மண்ணில் கிடைக்கும் விளைச்சலைவிடச் சத்துநீரில் கிடைப்பது மேலானதன்று, விளைச்சலைக் கட்டுப்படுத்துபவை ஒளி முதலான பிற காரணிகளே. அவர்கள் வகுத்த சத்துநீர்க் கலவை ஆய்வகங்களில் இன்றளவும் பயன்படுகிறது.

நீர்ச் சிக்கனம் இம்முறையின் உண்மையான வலிமை, மின்செலவு அதன் உண்மையான விலை. அமெரிக்காவின் அரிசோனாவில் லெட்டூஸ் என்னும் சாலட் கீரையின் சாகுபடியை முன்வைத்து 2015-இல் வெளியான ஓர் ஒப்பீடு, கட்டுப்படுத்திய சூழலில் நடக்கும் ஹைட்ரோபோனிக்ஸ் ஒரு கிலோவுக்குச் சுமார் 20 லிட்டர் நீரும், வயல்முறை சுமார் 250 லிட்டர் நீரும் கேட்பதாக மதிப்பிட்டது. அதே ஒப்பீட்டில் ஹைட்ரோபோனிக்ஸின் ஆற்றல் செலவு வயலைப்போல ஏறத்தாழ 82 மடங்காக இருந்தது. செயற்கை ஒளியும் குளிரூட்டலும் வெப்பமூட்டலும் இல்லாத வீட்டு அமைப்புக்கு அந்த 82 மடங்கு பொருந்தாது என்பது சரிதான், ஆனாலும் சத்துநீரின் அமிலத்தன்மையை pH அளவில் 5.5-க்கும் 6.5-க்கும் இடையில் நிறுத்துவது, உப்பின் செறிவை அளப்பது, தொட்டியைக் கழுவிப் புதுநீர் நிரப்புவது ஆகியவை ஓயாமல் வந்துகொண்டே இருக்கும் வேலைகள். இவற்றைத் தவிர்க்க விரும்புபவருக்கு, ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி வகுத்த மோட்டார் இல்லாத முறை ஏற்றது. மூடிய கலத்தில் சத்துநீரை நிரப்பி, மூடியிலுள்ள துளையில் நாற்றைப் பொருத்திவிட்டால், நீர்மட்டம் இறங்க இறங்க மேல்வேர் காற்றையும் கீழ்வேர் நீரையும் பெறும். ஒரு லெட்டூஸ் செடிக்கு ஏறத்தாழ 4 லிட்டர் நீர் அறுவடை வரை போதும். கீரை வகைகளுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டால் இது சிறந்த வழி. தக்காளியை இதில் வளர்க்க முயல்பவர்கள் விரைவில் நீர் நிரப்பும் வேலையே முழுநேர வேலை என்று உணர்வார்கள்.

வீட்டுக் கழிவு எங்கே போகிறது என்பதையும் முறையைத் தேர்ந்தெடுக்கும்போதே பார்க்க வேண்டும். காய்கறித் தோலும் பழத்தோலும் குப்பைமேட்டில் காற்றின்றி அழுகினால் மீத்தேன் உண்டாகிறது. அவற்றை ஒரு பங்காகவும் காய்ந்த இலைச் சருகை இரண்டு அல்லது மூன்று பங்காகவும் கலந்து, இடையிடையே கிளறி விட்டால் சில மாதங்களில் மட்கு கிடைக்கிறது. ஒரு சதுர மீட்டர் தரை ஆண்டுக்கு 20 முதல் 30 லிட்டர் மட்கைச் சிரமமின்றி ஏற்கும், மேட்டுப் பாத்தி அதற்கு மேலும் கேட்கும், தொட்டிகள் ஒவ்வொரு பயிருக்கும் முன் கலவையில் கால் பங்கு வரை எடுத்துக்கொள்ளும். ஹைட்ரோபோனிக்ஸ் சிறிதும் ஏற்காது. அதன் சத்து முழுவதும் விலைக்கு வாங்கிய உப்புகளிலிருந்தே வருகிறது. வீட்டுக் கழிவை வீட்டிலேயே தீர்ப்பது ஒருவரின் நோக்கங்களுள் ஒன்றானால், இந்த ஒரு காரணமே அந்த முறையை விலக்கப் போதுமானது.

உயரத்தில் உள்ள பால்கனியில் வளர்ப்பவர்களுக்கு மகரந்தச் சேர்க்கை பற்றியும் ஒரு சொல். பூசணி, சுரை, வெள்ளரி ஆகியவற்றில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியே இருப்பதால், தேனீ வராத இடத்தில் காலை வேளையில் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவின் சூலகமுடியில் தடவிவிட வேண்டும். தக்காளிக்கும் கத்தரிக்கும் பூங்கொத்தை விரலால் மெல்லத் தட்டினாலே போதும்.

முடிவுக்கு வரும்போது, இடம் அனுமதிக்கிற மிகப்பெரிய மண்ணளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதையே என் பரிந்துரையாகச் சொல்வேன். வெயிலும் வடிகாலும் உள்ள தரை இருந்தால் அதிலேயே, முதல் ஆண்டில் 1.2 மீட்டர் அகலமும் 2.5 மீட்டர் நீளமும் கொண்ட ஒரே பாத்தியோடு தொடங்குவது போதுமானது. வடிகால் இல்லை, மண் இறுகிக் கிடக்கிறது, அல்லது முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்றால் மேட்டுப் பாத்தியை நாடலாம். மண்ணில் ஈயம் உறுதியானால் அடியில் தடுப்புத்துணி விரித்து, வெளியிலிருந்து கொண்டுவந்த மண்ணால் 30 செ.மீ.க்குக் குறையாமல் நிரப்ப வேண்டும். தரை இல்லாதவர் பத்துச் சிறு தொட்டிகளுக்குப் பதில் நான்கு பெரிய பைகளை வாங்குவதே மேல். அடிக்கடி வெளியூர் செல்பவர் அவற்றோடு சொட்டுநீர்க் குழாயையும் நேரங்காட்டியையும் பொருத்திக்கொள்ளலாம், அல்லது 25 முதல் 30 நாளில் முடிந்துவிடும் முள்ளங்கியையும் கீரையையும் மட்டும் தம் பயண இடைவெளிகளுக்கு ஏற்ப விதைத்துக்கொள்ளலாம். ஹைட்ரோபோனிக்ஸை, அளப்பதிலும் சரிசெய்வதிலும் மகிழ்ச்சி காண்பவருக்கும், நீர் மிக அரிதாகக் கிடைக்கும் இடத்தில் இருப்பவருக்கும் மட்டுமே பரிந்துரைப்பேன்.

ஒரு முறையைக் கைவிட்டு மற்றொன்றுக்கு மாறும்போது என்ன மிஞ்சுகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. தரைப் பாத்தி மறுபடி தரையாகிவிடும். நோய் தாக்காத பையிலிருந்து எடுத்த பழைய கலவையைத் தரையிலோ மேட்டுப் பாத்தியிலோ பரப்பலாம், அல்லது புதிய மட்கு சேர்த்து மறுபடி நிரப்பலாம். பிளாஸ்டிக் பைகள் வெயிலில் சில ஆண்டுகளில் நைந்து துகளாக உதிரத் தொடங்கும் என்பதால், அதற்கு முன்பே அகற்றிவிட வேண்டும். ஹைட்ரோபோனிக்ஸில் மிஞ்சும் சத்துநீரைச் சாக்கடையில் கொட்டக் கூடாது. அதிலுள்ள நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் நீர்நிலைகளில் பாசியைப் பெருக்கும். அதைத் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து, தரையில் நிற்கும் செடிகளின் வேரில் ஊற்றிவிடலாம்.